பைக்குழலும் ஈரமும்

பேக்பைப் என வழங்கும் ஸ்காட்லாந்துப் பைக்குழல் இந்தியத் தரைப்படையின் வாத்தியக் குழுக்களிலும் சில பள்ளிகளின் அணிவகுப்புகளிலும் இன்றும் ஒலித்து வருகின்றது. இது நமக்கு முற்றிலும் அயலான கருவியன்று. ஆட்டுத்தோற் பையில் குழலொன்றைச் செருகி இடைவிடாது சுருதி எழுப்பும் துருத்தியைத் தென்னாட்டார் முன்பே அறிவர். திட்டி, சுருதி உபாங்கம் என்பனவும் அதன் பெயர்களே.

பைக்குழலின் ஊதுகுழாயில் உள்ள அடைப்பிதழ் மூச்சுக்காற்றைப் பைக்குள் விடும். வெளியே திரும்ப விடாது. வாசிப்பவர் மூச்சு வாங்கும் வேளையில் பையைக் கையால் விலாவோடு சேர்த்து அழுத்துவதால் ஒலி அறுபடுவதில்லை. பண் இசைக்கும் குழலொன்றும் சுருதிக்குழல்கள் மூன்றும் பையில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும், சீவாளியைப் போல அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் நாக்கு உண்டு.

நாகசுரக் கலைஞர் சீவாளியைத் தம் உதட்டிலேயே நனைத்துப் பதம் பார்த்துக்கொள்வார். பைக்குழலின் நாக்கோ உதட்டுக்கு எட்டாது. பைக்குள் செல்லும் மூச்சின் ஈரமே அதனை நனைக்கின்றது. தொல்லைகள் யாவற்றிற்கும் இதுவே தோற்றுவாய்.

கேரளத்தின் கிழக்கெல்லையில் பணிபுரிவோர் இதனை எளிதில் உணரலாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கீழ்க்காற்றில் நாக்கு உலர்ந்து விறைக்கும். மரம் சுருங்கி, இணைப்புகளில் சுற்றிய சணல் நூல் தளர்ந்து காற்று கசியும். மரம் வெடித்தலும் உண்டு. இடுக்கி மலைகளில் ஆடி மழையின்போதோ ஈரம் மிகுந்து சுருதிக்குழலின் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒலி நின்றுவிடும். குளிர்ச்சியும் சுருதியைக் கெடுக்கும். குழலினுள் உள்ள காற்றின் வெப்பநிலை 10 பாகை குறைந்தால், சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கும். எல்லாக் குழல்களும் ஒரே அளவில் இறங்கினால் கேடில்லை. அவ்வாறு இறங்குவதில்லை என்பதே வாசிப்போரின் குறை.

சுருதி பிசகினால் திருத்திக்கொள்ளலாம். பைக்குள் தங்கும் ஈரத்தில் பூஞ்சை வளர்வதோ உயிருக்கே ஊறு செய்யக்கூடும். நாள்தோறும் பைக்குழல் வாசித்துவந்த பிரிட்டானியர் ஒருவர் பல்லாண்டுகள் வறட்டிருமலாலும் மூச்சுத்திணறலாலும் துன்புற்று 2014-இல் இறந்தார். முன்னர் ஒருமுறை அவர் கருவியை வீட்டில் விட்டுவிட்டு மூன்று மாதங்கள் ஆஸ்திரேலியாவில் தங்கியபோது நோய் தணிந்திருந்தது. அவர் கருவியினுள் பலவகைப் பூஞ்சைகள் காணப்பட்டன. அவையே நோய்க்குக் காரணமாகலாம் என மருத்துவர்கள் கருதி, 2016-இல் 'தோராக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஈர வைக்கோலின் பூஞ்சைத் தூளால் உழவர்க்கு வரும் நுரையீரல் நோயும் இவ்வகையினதே. விரிவாக்கப் பணியாளர் அதனை அறிந்திருப்பர்.

ஆகவே வாசித்து முடித்தவுடன் குழல்களைக் கழற்றி, உட்புறத்தைத் துணியால் துடைத்து, பையின் வாய் திறந்திருக்க நிழலில் காற்றாட வைத்தல் வேண்டும். வெயிலில் வைத்தால் தோலும் மரமும் கெடும். ஈரத்தோடு பெட்டியில் இட்டுப் பூட்டுவது எல்லாவற்றினும் தீது. பள்ளிகளில் பெரும்பாலும் நிகழ்வதும் அதுவே. ஊதுகுழாயையும் அடைப்பிதழையும் அடிக்கடி கழுவி உலர்த்துதல் நன்று. ஒரு கருவியை மாணவர் பலர் மாறிமாறி ஊதுதல் ஆகாது. மாணவன் ஒருவனுக்கு வறட்டிருமல் நெடுநாள் நீடிக்குமாயின், அவன் ஊதும் கருவி இன்னதென்பதையும் ஆசிரியர் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.