அடுக்குமாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் தரை உண்டு. அம்மா அதில் கறிவேப்பிலையும் துளசியும் நட்டிருந்தார். எட்டு வீட்டுச் சமையலுக்கு அங்கிருந்துதான் இலை போகும். சென்ற ஆண்டு ஒரு நாள் இரண்டையும் வேரோடு பிடுங்கிவிட்டு, மின்தூக்கி அருகே மலாய் மொழியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். "மாதா மாதம் காசு கட்டுகிறோமே, ஒரு செடி வைக்கக்கூட நமக்கு உரிமை இல்லையா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நம் நாட்டில் அடுக்குமாடி நிர்வாகத்தை வரையறுப்பது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757). பினாங்கில் இது 2015 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. இதன்கீழ் அமைந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் நம் செடிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறது. நிர்வாகக் கழகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இன்றிப் பொதுச் சொத்தின் எப்பகுதியையும் ஒருவர் தம் சொந்தத் தோட்டமாகப் பயன்படுத்தக் கூடாது. விதியை மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். படிக்கட்டோர மண் மட்டுமல்ல, நம் வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையும் பொதுச் சொத்துதான். ஆனால் 'முன் அனுமதி இன்றி' என்ற சொற்களைக் கவனியுங்கள். கேட்டால் கொடுக்கலாம் என்று விதியே இடம் வைத்திருக்கிறது. நாங்கள் கேட்கவே இல்லை.

பால்கனி வீட்டின் பகுதியாக இருந்தால் அங்கே தொட்டி வைக்கலாம். அது கீழே விழுந்து யாருக்கும் ஆபத்து நேரக் கூடாது. கட்டடத்தின் வெளித்தோற்றத்தை அனுமதியின்றி மாற்றவும் கூடாது. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்ந்தால் அது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். இந்த விஷயத்தில் நான் நிர்வாகத்தின் பக்கம்தான்.

தரைவீட்டுக்காரர்கள் நிலை வேறு. தனி நிலப்பட்டா உள்ள தாமான் வீடுகளில், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான குடியிருப்போர் சங்கம் உங்கள் தோட்டத்துக்குள் அதிகாரம் செலுத்த முடியாது. வேலிக்கு வெளியே உள்ள சாலையோரம் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. சொந்த நிலத்து மரமே ஆனாலும் அதன் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிவிட்டால், அனுமதியின்றி வெட்ட 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் பொதுவாக இடம் தராது.

அமெரிக்காவில் தரைவீடுகளையும் இப்படிப்பட்ட சங்கங்கள் கட்டுப்படுத்துகின்றன. மண்ணின் செடிகளை வளர்த்த ஒரு தம்பதியர் தம் சங்கத்தோடு வழக்காடிய பிறகு, மேரிலாந்து மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. புல்தரைதான் வேண்டும் என்று அங்கே இனி வற்புறுத்த முடியாது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மண்ணின் செடி, அயல்செடி என்ற பேதமே அதில் கிடையாது. இத்தனைக்கும் ஜெலுத்தோங், கெலுகோர் இரண்டும் இந்நாட்டு மரங்களின் பெயர்கள். தீவின் பெயரே பாக்கு. (அம்மாவின் கறிவேப்பிலை கப்பலேறி வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 60 மீட்டர் வளரும் ஜெலுத்தோங்கைப் படிக்கட்டோரம் நட முடியுமா?)

ஆகவே நமக்குள்ள வழி பொதுக்கூட்டம்தான். 21 நாள் முன்னறிவிப்புடன், முக்கால் பங்கு வாக்குகளால் நிறைவேறும் சிறப்புத் தீர்மானத்தின்வழி கூடுதல் துணைவிதிகளை இயற்றலாம். அவற்றின் பலம் சாதாரணமானதல்ல. கோலாலம்பூர் மொண்ட் கியாராவில் ஓர் அடுக்குமாடி, குறுகியகால வாடகைக்குத் தடை விதித்த துணைவிதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியது. வாடகையைத் தடுக்க முடியுமென்றால், பொதுத் தோட்டத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கவும் முடியும் என்பது என் கருத்து. ஆனால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. எங்கள் மாடியில் பாதிப்பேர் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். தகராறு முற்றினால் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம்.

எங்கள் விண்ணப்பக் கடிதத்தை நான்தான் மலாயில் எழுதினேன். எட்டு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். கறிவேப்பிலைக்கு 'டாவுன் காரி' என்று எழுதியதில் சிக்கல் இல்லை. துளசிக்கு 'செலாசி' என்று எழுதினேன். அது வேறு செடி என்று அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.