ஐந்து முறை ‘ஏன்?’ கேளுங்கள்

பழுதின் வேரைக் கண்டுபிடிக்க ஐந்து முறை ‘ஏன்?’ என்று கேட்கச் சொன்னார், டொயோட்டா பொறியாளர் தாய்ச்சி ஓனோ. 1978இல் வெளியான தம் நூலில் அவர் தரும் உதாரணம் இது.

இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? பளு கூடி ஃபியூஸ் போய்விட்டது. பளு ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது.

முதல் பதிலோடு நிறுத்தினால் ஃபியூஸை மட்டும் மாற்றுவோம். சில மாதங்களில் இயந்திரம் மறுபடி நிற்கும். வடிகட்டி பொருத்தினால் தொல்லை தீரும்.

உங்கள் பட்டறையிலோ அலுவலகத்திலோ ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா? ஒரு தாளில் ஐந்து ‘ஏன்’ எழுதுங்கள். ஒவ்வொரு பதிலையும் நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.