நாளும் இடமும் தெரியாத பயணம்

என் பழைய மாணாக்கர் ஒருவர் இன்று வைத்தியராக விளங்குகின்றார். போர் நிகழும் நாடொன்றிற்குத் தொண்டர் குழுவொன்றோடு செல்ல இசைந்துள்ளார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தாயாரோடு விடைபெற வந்தவர், “ஐயா, புறப்படும் நாள் மூன்று முறை மாறிவிட்டது. எந்த ஊரிற் பணி என்பதும் உறுதியில்லை. எதற்கென்று ஆயத்தஞ் செய்வேன்?” என்றார். தாயார் ஒன்றும் பேசவில்லை. “போகவேண்டாம் என்று ஒரு சொற் சொல்லுங்கள்” என அவர் கண்கள் என்னை இரந்தன.

அச்சொல்லை நான் சொல்லவில்லை. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வரலாற்றை எடுத்துரைத்தேன்.

கிரிமியப் போரிற் காயமுற்ற வீரரைப் பேணுமாறு சிட்னி ஹேர்பேட் என்னும் அமைச்சர் அம்மையாருக்கு 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 15இல் கடிதம் எழுதினார். ஆறே நாளில், 38 தாதியரோடு அவர் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி வைத்தியசாலையில் யாதொரு குறையுமில்லை என்று மேலிடத்தார் கூறியிருந்தனர். அவர் அதனை முற்றும் நம்பினாரல்லர். வழியில் மார்செய்ல்ஸ் துறைமுகத்திற் பெருந்தொகையான பண்டங்களை வாங்கிக் கப்பலேற்றினார். நவம்பர் 4இல் ஸ்கூட்டாரியை அடைந்தபோது குறைகளே நிறைந்திருந்தன.

அங்கும் ஒரு தடை. படை வைத்தியர்கள் பெண்களின் துணையை விரும்பவில்லை. அம்மையார் சினந்திலர். வைத்தியர் அழையாமல் எவரும் நோயாளரைத் தொடலாகாது எனத் தம் தாதியரைத் தடுத்து, கட்டுத்துணியும் தலையணையும் தைப்பித்துக் காத்திருந்தார். சில நாளில் காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து குவியவே, வைத்தியர்கள் தாமே உதவி வேண்டினர்.

ஆயினும் அம்மாரிகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கிய பின்னரே இறப்புத் தணிந்தது. அன்பு இன்றியமையாதது, ஆனால் அன்பொன்றே போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“தம்பி, திருக்குறளில் வலியறிதல் 48ஆம் அதிகாரம்; காலமறிதல் 49ஆவது; இடனறிதல் 50ஆவது. வள்ளுவர் வலியை முன்வைத்தார். உமது பயணத்தின் காலமும் இடமும் பிறர் கையில் உள்ளன. வலியோ உமது கையில் உள்ளது. உமது கல்வியை மீண்டும் கூர்மையாக்கும். அவ்வூர் மொழியிற் பத்துச் சொல்லேனும் கற்றுக்கொள்ளும். உமது உடல் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதை மறையாமற் குழுத் தலைவருக்குச் சொல்லும். அழைப்பு வரும்வரை காத்திருப்பதும் தொண்டே” என்றேன்.

அவர் தலை தாழ்த்தி வணங்கினார். தாயார் அப்பொழுதுதான் வாய் திறந்தார்: “பிள்ளை சுகமாகத் திரும்புவானா, ஐயா?”

நாற்பதாண்டு நூல் கற்ற எனக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. தெரியும் என்று பொய் சொல்லவும் நா எழவில்லை. என் மௌனத்தை அவர் புரிந்துகொண்டார் போலும். சிறிது நேரம் நின்றவர், சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்து, மகனை நோக்கி, “அப்படியானால் இன்னுமொரு கம்பளிப் போர்வை வைக்கவேண்டும், வா” என்றார்.