உங்களுக்குத் தெரியுமா? கருப்பு விடாது!

சிக்கல், சாயல்குடிப் பக்கத்து ஆட்களுக்குக் கருப்பசாமியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் சாமியை டிவி வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுவந்து, ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே யோசிக்க வைத்தவர் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958-இல் சேலத்தில் பிறந்தவர், வாழ்ந்தது மதுரையில். 1990-களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ டிவி தொடர் இவர் கதைதான். ‘என் பெயர் ரங்கநாயகி’ நாவல் தமிழக அரசின் பரிசு பெற்றது. 2024 நவம்பர் 10-இல் காலமானார்.

சரி, பேய்க்கதைக்காரர் தர்மத்துக்கு நிதி திரட்ட முடியுமா? அமெரிக்காவின் ஸ்டீபன் கிங் திரட்டினார். 2006 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில், ‘ஹாரி பாட்டர்’ ரௌலிங், நாவலாசிரியர் ஜான் இர்விங் ஆகியோருடன் இரண்டு இரவு மேடையில் கதை வாசித்தார். வசூல், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும், விபத்தாலோ நோயாலோ முடங்கிய கலைஞர்களுக்கு உதவும் ஹேவன் அறக்கட்டளைக்கும் போனது. 1999-இல் வேன் மோதிப் பிழைத்தவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாதா என்ன!

கதை எழுதுபவர்களுக்கு உதவ, நீங்களும் திகில் கதையைத் திருட்டு பிடிஎஃப்பில் தேடாமல், காசு கொடுத்து வாங்கிப் பயப்படுங்கள்.