தாக்கப்படுகிறவர் யாரென்று தெரியாதபோது



2016-ஆம் ஆண்டு ஜூன் 24. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், செங்கல்பட்டு மார்க்கமாக வேலைக்குப் போகக் காத்திருந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் பயணிகள் இருந்தார்கள். வெட்டியவன் தப்பிப் போனான். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணின் உடல் அங்கேயே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்கும் நிலை வந்தது. அதே ரயில் பாதையில் வந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஒரகடத்துக்குப் பஸ் பிடிக்கிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அந்த நடைமேடையில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? என்ன செய்யக் கடமைப்பட்டிருப்போம்?

‘மனிதாபிமானம் செத்துவிட்டது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையல்ல. 1964-இல் நியூயார்க் நகரில் ஓர் இளம்பெண் கொலையுண்டபோது, 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. உலகமே அதை நம்பியது. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிருக்குப் போராடிய அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். 2019-இல் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராப் பதிவுகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்துச் சண்டைகளில் ஒன்பதில் யாராவது ஒருவராவது தலையிட்டிருந்தார்! ஆக, உதவும் மனம் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் நிற்கும்போது ஒவ்வொருவரும் ‘வேறு யாராவது போவார்கள்’ என்று காத்திருப்பதே பல நேரங்களில் தடையாகிறது. திருப்பலித் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் பாவமாக அறிக்கையிடுகிறோமே, அது இப்படிக் காத்திருந்த நிமிடங்களையும் சேர்த்துத்தான்.

நல்ல சமாரியர் உவமை நம் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒன்றைக் கவனிப்போம். கள்வர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகே சமாரியர் அங்கே வருகிறார். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால்? இயேசு அதைச் சொல்லவில்லை. திருஅவை அந்தக் கேள்விக்கு வேறிடத்தில் பதில் தருகிறது. தாக்குபவரைத் தடுத்து உயிரைக் காப்பது நியாயம். ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்முறை கூடாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு அது உரிமை மட்டுமல்ல, பெருங்கடமை என்று திருஅவையின் மறைக்கல்வி நூல், எண் 2265, சொல்கிறது. காவல்துறையினர், பெற்றோர், விடுதிக் காப்பாளர், கம்பெனி வாயிலில் நிற்கும் செக்யூரிட்டி இவர்களெல்லாம் அதில் அடங்குவார்கள். மற்றவர்களுக்கு? அன்பின் கடமை உண்டு, அவரவர் இயன்ற அளவில். அரிவாள் வைத்திருப்பவன் மேல் வெறுங்கையோடு பாயும்படி திருஅவை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பாய முடியாது என்பதால் போன்கூடப் போடாமல் நிற்பதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தன் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒருவரின் உடலைத் தாக்குதலிலிருந்து காக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று பாரதிய நியாய சன்ஹிதா சொல்கிறது. தேவைக்கு அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுத் துறவியும் இன்றைய சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வரம்பு ஏன் அவசியம்? விடுதலைப்பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் மோசே தலையிடும் இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள். எபிரேயரை அடித்த எகிப்தியனைக் கொன்று மணலில் புதைக்கிறார். அதனால் யாரும் விடுதலை பெறவில்லை, அவர்தான் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பிறகு மிதியானில், கிணற்றடியில் ஆயர்கள் விரட்டிய ஏழு பெண்களுக்காக எழுந்து நிற்கிறார், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார். அங்கே எவர் உயிரும் போகவில்லை. இத்தனைக்கும் அந்த ஊருக்கு அவர் அந்நியர்.

இன்னொரு தேதியையும் நாம் மறக்கக் கூடாது: 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். வடநாட்டுக் கடத்தல் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். நுங்கம்பாக்கத்தில் கூட்டம் விலகி நின்றது என்றால், இங்கே கூட்டம் ‘குழந்தையைக் காப்பாற்றுகிறோம்’ என்று நினைத்தே அடித்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பகுதியில் இருக்கும் நமக்கு இதுதான் நெருக்கமான ஆபத்து. ஒரே அறையைப் பகிர்ந்து தங்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறார்கள். மொபைல் திருடன் என்று ஒருவர் சத்தம் போட்டால் போதும், நாலு பேர் கை நீட்டிவிடுவார்கள். அடிபடுகிறவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல மொழியில்லை. அந்த இடத்தில் ஒருவர், “அடிக்காதீங்க, போலீஸ் வரட்டும்” என்று உரக்கச் சொன்னாலே கூட்டத்தில் பாதிப் பேரின் கை தயங்கும். அடிப்பவர் வேற்று மொழிக்காரர் என்றால் “மத் மாரோ” என்ற இரண்டு சொல் போதும். இந்தி எதிர்ப்பெல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம்! 112-க்குப் போன் போட வேண்டும். பொதுவாக “யாராவது வாங்க” என்று கத்துவதைவிட, “நீலச் சட்டை அண்ணே, நீங்க போன் போடுங்க, அக்கா, நீங்க செக்யூரிட்டியைக் கூப்பிடுங்க” என்று ஆளைக் காட்டிச் சொன்னால் ஆள் நகரும். வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது சாட்சியாகலாம், காவல்துறையிடம் கொடுங்கள், குழுக்களில் அனுப்பாதீர்கள்.

பலர் நம்மிடம் சொல்லும் உண்மையான தயக்கம் வேறு. “சாமி, சாட்சி சொல்லப் போனால் ஷிப்ட் போகும், சம்பளம் பிடிப்பான்” என்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது சின்ன விஷயமல்ல. சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம் அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி; நன்மை செய்ததில் அவருக்கும் கையைக் கடித்தது. அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்கோ, சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கோ போகிற நம் பங்கு மக்களின் அந்த நாள் கூலியை அன்பியங்கள் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். எவ்வளவு முடியும் என்பதைப் பங்குப் பேரவையில் வைப்போம்.