மலைக் கிராமங்களில் கால்நடை வைத்தியமும் சர்க்கார் மானியமும்

பழனிமலையின் மேற்புறத்துக் கிராமமொன்றில் நடுநிசியில் கன்று குறுக்கே விழுந்து, பசு ஈன மாட்டாமல் தவிக்குமாயின், பசுவுக்குரியவர் பெரிய மிராசுதாரானாலும் இரண்டு ஏக்கர் பூண்டு பயிரிடுபவரானாலும், அவருக்கு முதலாவதாக வேண்டியது மருந்தன்று. முறையறிந்த ஓர் ஆளே. கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்குப் பாதை ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ஆயினும் மழையும் மூடுபனியும் கூடினால், அத்தூரம் சமவெளியில் அதைப்போல் இருமடங்கு தூரத்தைக் கடப்பதினும் கடினமாகும். நெடுங்காலம் மோட்டார்ப் பாதையின்றிக் குதிரைகளையே நம்பியிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கால்நடை வைத்தியத்துக்கும் அதன் பயிற்சிக்கும் சர்க்கார் வழங்கும் மானியங்கள் இத்தகைய ஊர்களுக்கு எவ்வழியாக வந்து சேர்கின்றன, எவ்விடத்தில் தங்கிவிடுகின்றன என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இக்கடமை யாருடையது என்பதை முதலில் அறிதல் நலம். இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ராஜ்யங்களுக்குரிய விஷயங்களின் ஜாபிதாவில் 15-வது இனமாகக் கால்நடைப் பாதுகாப்பும், நோய்த் தடுப்பும், கால்நடை வைத்தியப் பயிற்சியும் தொழிலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மத்திய சர்க்கார் இவ்விஷயத்தில் நேரே வைத்தியசாலை வைத்து நடத்துவதில்லை. ராஜ்ய சர்க்காருக்கு நிபந்தனையுடன் மானியம் வழங்குகிறது. முந்திய தொகை செலவான விவரத்துக்குச் சான்று போய்ச் சேர்ந்தால்தான் பிந்திய தொகை வரும். மலைமேல் ஒரு முகாம் நடவாமற் போனால், அவ்வூரார் அம்முகாமை மட்டும் இழப்பதில்லை. அடுத்த மானியத்துக்கும் தாமதம் நேரிட இடமுண்டாகிறது.

மானியங்களில் முழுமையானவை, பங்கிட்டவை என இருவகை உண்டு. கோமாரி நோய், கன்று வீச்சு நோய் ஆகிய இரண்டையும் ஒழிப்பதற்காக 2019-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி தொடங்கிய தேசியத் திட்டம் முழுமையான மானியத்தைச் சேர்ந்தது. ஐந்து வருஷங்களுக்கு 13,343 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட இத்திட்டத்தில், ஆறு மாதத்துக்கொரு முறை கோமாரித் தடுப்பூசியும், நாலு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே முறை கன்று வீச்சுத் தடுப்பூசியும் குடியானவரிடம் காசு பெறாமல் போடப்படுகின்றன. நடமாடும் கால்நடை வைத்திய ஊர்திகளின் விஷயம் வேறு. ஊர்தியை வாங்கி அமைக்கும் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்கிறது. வைத்தியர், உதவியாளர், ஓட்டுநர் ஆகிய மூவர் சம்பளமும் மருந்தும் எண்ணெயும் அடங்கிய நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 60 மத்திய சர்க்காரும் 40 ராஜ்ய சர்க்காரும் ஏற்கின்றன.

ஊர்திகளைப் பங்கிடும் கணக்குதான் மலைவாசிகள் கூர்ந்து நோக்க வேண்டியது. ஒரு லக்ஷம் கால்நடைக்கு ஓர் ஊர்தி என்பது விதி. 2019-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் நமது ராஜ்யத்தின் கால்நடைகள் சுமார் 2 கோடியே 45 லக்ஷம். ஒதுக்கப்பட்ட ஊர்திகள் 245. கணக்கு நேர்மையானதுதான், ஆனால் அது தலையை எண்ணுகிறதேயொழிய வழியை எண்ணவில்லை. சமவெளியில் அடுத்தடுத்த ஊர்களில் ஆயிரக்கணக்கான மாடுகள் நிற்கும் தாலூகாவுக்கும், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் சொற்பமான மாடுகள் சிதறி நிற்கும் கொடைக்கானல் தாலூகாவுக்கும் அளவுகோல் ஒன்றே. இமயமலை ராஜ்யங்களுக்கு நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 90 கொடுக்கும் சலுகை உண்டு. பழனிமலை உயரத்தில் குறைந்ததல்ல. ஆனால் பெரும்பாலும் சமவெளியான ராஜ்யத்துக்குள் இருப்பதால் அச்சலுகை அதற்கில்லை. இது மாற வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். மாறும் வரையில், மானியத்தில் மலைக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி ஊர்தியைக் காட்டிலும் பயிற்சியே.

பயிற்சி விஷயத்தில் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. 1984-ம் வருஷத்து இந்தியக் கால்நடை வைத்திய சபைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வைத்தியரே வைத்தியம் செய்யலாம். எனினும் உரிய பயிற்சிச் சான்று பெற்று ராஜ்ய சர்க்காரால் அனுமதிக்கப்பட்டவர், பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வையில் தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் முதலிய சிறு உதவிகளைச் செய்யலாம். கிராம வாலிபர்களுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டலில் மூன்று மாதப் பயிற்சி கொடுத்து, கருவிகளுக்கென 50,000 ரூபாய் வரை உதவும் 'மைத்ரி' என்னும் ஏற்பாடும் மத்திய சர்க்காரின் மானியத்தில் நடைபெறுகிறது. பயிற்சியில்லாமல் ஊசி குத்தித் திரியும் ஆட்களை இவர்களோடு சேர்த்து எண்ணலாகாது. அளவு தெரியாமல் குத்திய மருந்தால் மாடு பிழைத்தாலும், பாலில் அம்மருந்து இறங்கிக் குடிப்பவரைச் சேரும்.

உள்ளூராரைப் பழக்குவதால் விளையும் பலனுக்கு வெக்கை நோயின் முடிவே சாக்ஷி. நம் முன்னோரின் தொழுவங்களைச் சூறையாடிய அந்நோய் இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1995-ம் வருஷத்தில், நமது ராஜ்யத்திலேயேதான். 2011-ல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவின் அபார் பிரதேசத்தில், வைத்தியர் போக முடியாத வனாந்தரங்களுக்கு, மந்தை மேய்க்கும் குடிகளிலேயே சிலரைப் பழக்கி அனுப்பியதால்தான் 1990-களில் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் எடுத்துச் சென்ற மருந்து, குளிர்ப்பெட்டியின்றிச் சில வாரம் கெடாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. நமது கோமாரி மருந்தோ 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரிலேயே இருக்க வேண்டும், உறைந்தாலும் கெடும். மலையின் குளிரே போதுமென்று மருந்தை வெளியில் வைப்பவர் ஊசி போட்டதாகக் கணக்கு எழுதலாம். மாட்டுக்குக் காப்பு உண்டாகாது.

பயிற்சிக்கு இடமில்லையென்று சொல்வதற்கில்லை. மத்திய செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்பிராந்தியக் கிளை 1965-ம் வருஷம் முதல் மன்னவனூரிலேயே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளும் இறைச்சி முயல்களும் அங்கு வளர்க்கப்படுகின்றன. குடியானவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. மலையடிவாரத்தில் தேனிப் பக்கத்திலும் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலும் 2020-ம் வருஷத்தில் கால்நடை வைத்தியக் கல்லூரிகள் ஏற்பட்டன. ஒரு காலத்தில், 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி ஒன்றையே நாம் நம்பியிருந்தோம்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் செய்யத்தக்கவை சில உண்டு. கால்நடைக் கணக்கெடுப்புக்கு வருவோரிடம், மேய்ச்சலுக்குப் போயிருக்கும் மாடுகளையும் சுமைக் குதிரைகளையும் விடாமல் சொல்லச் செய்ய வேண்டும். பங்கீடு அக்கணக்கின்மேல் நிற்பதால், விட்டுப்போன மாட்டுக்கு மானியம் இல்லை. கிராம சபையில், ஊர்தி இன்ன கிழமையில் இன்ன இடத்துக்கு வர வேண்டுமென்று தீர்மானம் எழுதி உதவி இயக்குநருக்கு அனுப்பலாம். பயிற்சிக்கு அனுப்பும் ஆளைத் தெரிந்தெடுக்கையில், பட்டணத்துக்குப் போய்விடக்கூடிய வாலிபனைவிட, ஊரிலேயே மாடு வைத்துக் காப்பாற்றும் ஸ்திரீகளை முதலில் நினைப்பது நன்று. இராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் அவர்களே.

குடியானவர்கள் 1962 என்ற எண்ணுக்குக் காசின்றி டெலிபோன் செய்யலாம். அப்போது ஊர்ப் பெயருடன், வண்டி வந்து நிற்கக்கூடிய கடைசி இடம் எது, அங்கிருந்து நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு, மாட்டின் காது வில்லையிலுள்ள 12 இலக்கங்கள் எவை என்பவற்றையும் தெரிவிக்க வேண்டும். வில்லை அறுந்து விழுந்திருந்தால், அடுத்த தடுப்பூசிக்குக் காத்திராமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புதிது போட்டுக்கொள்க.