உடல் எடையும் கருத்தரிப்புச் சிகிச்சையும்

பிள்ளைப்பேறு வேண்டி மருத்துவமனையை நாடும் பெண் பருமனாக இருப்பின், "முதலில் எடையைக் குறைத்து வருக" எனக் கூறி அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. இவ்வறிவுரை எவர்க்குப் பொருந்தும், எவர்க்குப் பொருந்தாது என்பதைக் களப்பணியாளர் தெளிந்திருத்தல் வேண்டும்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. 1994-இல் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவர் குழுவினரும் கண்டறிந்த லெப்டின் என்னும் ஹார்மோன் அத்திசுவிலிருந்தே சுரக்கிறது. உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிப்பது அதன் பணி. சேமிப்பு மிகக் குறைந்தால், பிட்யூட்டரி சுரப்பிக்கு மூளை விடுக்கும் தூண்டல் தளர்கிறது, கருமுட்டை வெளிப்படுவது நிற்கிறது, மாதவிலக்கும் நின்றுபோகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது. அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பின்னர் அங்கே பிறப்புக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

எடை மிகுந்தாலும் தடை நேர்கிறது. பருமனான உடலில் இன்சுலின் மிகுதியாகச் சுரந்து சூலகத்தைத் தூண்டுகிறது; அங்கே ஆண்தன்மை ஹார்மோன்கள் பெருகுகின்றன; முட்டை முதிராமலே நின்றுவிடுகிறது. 1935-இல் சிக்காகோ மருத்துவர்களான ஸ்டைனும் லெவென்தாலும் விவரித்த சூலக நீர்க்கட்டி நோயில் இந்நிலையைப் பெரிதும் காணலாம். (மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.) பருமனான நோயாளர் எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடுகிறது. 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோகிராம் வரைதான். எடை மிகுந்தோர்க்கு முட்டையை முதிர்விக்கும் ஊசி மருந்து கூடுதல் அளவில் தேவைப்படுவதும், கருச்சிதைவு சற்று மிகுதியாக நேர்வதும் உண்டு.

எது மிகை எடை? 150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோகிராம் எடையும் உள்ள பெண்ணின் உடல் நிறைக் குறியீடு 24. மேலைநாட்டு அளவுகோலில் இது இயல்பானது. இந்தியர்க்கென 2009-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படியோ 23-க்கு மேற்பட்டது மிகை எடை. 25-க்கு மேற்பட்டது பருமன்.

அங்ஙனமாயின் எல்லோரும் எடை குறையும்வரை காத்திருக்க வேண்டுமா? நெதர்லாந்திலேயே இது சோதிக்கப்பட்டது. முடிவு 2016-இல் வெளிவந்தது. குறியீடு 29-ம் அதற்கு மேலும் உள்ள 577 பெண்களில் ஒரு பாதியினர் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பின்னரே சிகிச்சை பெற்றனர். மறு பாதியினர் உடனே பெற்றனர். முன்னவர் சராசரி 4.4 கிலோகிராமும் பின்னவர் 1.1 கிலோகிராமும் குறைந்தனர். இரண்டாண்டுகளுக்குள் நிறைமாதத்தில் இயல்பான பிரசவத்தால் ஒற்றைக் குழந்தையை நலமுடன் பெற்றவர் முன்னவருள் 27.1 சதவிகிதம், பின்னவருள் 35.2 சதவிகிதம்! எனினும் சிகிச்சையின்றித் தாமாகவே கருவுற்றோர் முன்னவருள் மிகுதி என்பதும் கருதத்தக்கது.

ஆகவே வயதே இங்கு முதற்கண் நோக்கத்தக்கது. மாதவிலக்கு ஒழுங்கற்ற 26 வயதுப் பெண் சில மாதங்களை எடைக் குறைப்புக்குச் செலவிடலாம். 38 வயதுப் பெண்ணுக்கோ அம்மாதங்கள் மீளா. முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் அதற்குள் மேலும் குறையும். சிகிச்சையும் எடைக் குறைப்பும் அவருக்கு ஒருங்கே நடைபெறுவதே தக்கது. ஏ.எம்.எச். என்னும் ஹார்மோன் சோதனை, எஞ்சியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை ஓரளவு காட்டுமேயன்றி அவற்றின் தரத்தைக் காட்டாது. அளவு குறைவு என்ற ஒன்றைக் கொண்டே நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை.

கணவனின் எடையையும் புறக்கணித்தலாகாது. கொழுப்புத் திசு, டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. மனைவி உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்குமுன்னரே அதனைச் செய்துவிடலாம். அவள் பல மாதங்கள் உணவைக் குறைத்த பின்னர், குறை கணவனிடத்தே எனத் தெரியவருவதும் உண்டு.